ஒரு கப்பல், ஒரு கழுதை, மூன்று முடிவுகள்

டமாரத்துக்கு வயது பத்து. அது அவளுடைய சொந்தப் பெயர் இல்லை, அப்பா வைத்த பட்டப்பெயர். ஒரு விஷயம் அவள் காதில் விழுந்தால் அரை மணி நேரத்துக்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிடும். "இது யாருக்கும் தெரியக் கூடாது" என்று அவள் ஆரம்பிக்கும்போதே நாலு வீட்டுக்குக் கேட்கும்.

அவள் அதிகமாகத் தட்டிய டமாரம் ஒரு புத்தகத்தைப் பற்றியது. புத்தகத்தின் பெயர் 'கழுதை ஏறிய கப்பல்'. தெருமுனையில், சலவைக் கடைக்கு மேல்மாடியில் இருந்த சின்ன நூலகத்தில் அது இருந்தது.

எப்போது பார்த்தாலும் சிடுசிடுக்கும் ஒரு கேப்டன். அவருடைய சரக்குக் கப்பலில் தவறுதலாக ஏற்றிவிட்ட ஒரு கழுதை. விஷயம் தெரியும்போது கப்பல் நடுக்கடலுக்கு வந்துவிட்டது. கழுதையை இறக்கவும் முடியாது, வைத்துக்கொள்ளவும் முடியாது. அப்புறம் ஒரு புயல்... போதும். இதற்கு மேல் சொன்னால் எனக்கும் டமாரம் என்று பெயர் வைத்துவிடுவார்கள்.

அந்தப் புத்தகத்தை அவள் ஒன்பது முறை படித்திருந்தாள். பள்ளி விட்டதும் நேராக நூலகத்துக்கு ஓடுவாள். ஜன்னல் ஓரத்து முக்காலியில் உட்கார்ந்துகொள்வாள். கீழே சலவைக் கடையிலிருந்து இஸ்திரி போட்ட துணியின் சூடான வாசனை வரும். நூலகம் மூடும் நேரத்தில் புத்தகத்தை அதே அலமாரியில், அதே இடத்தில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போவாள்.

ஒரு புதன்கிழமை, அந்த இடம் காலியாக இருந்தது. புத்தகம் கீழே ஒரு அட்டைப்பெட்டிக்குள் கிடந்தது.

"அக்கா! இது ஏன் பெட்டிக்குள்ள கிடக்கு?"

நூலக அக்கா நீளமான பட்டியல் ஒன்றில் டிக் அடித்துக்கொண்டிருந்தார். "அதெல்லாம் ரெண்டு வருஷமா யாரும் வீட்டுக்கு எடுத்துட்டுப் போகாத புத்தகம்மா. புதுசு வருது, வைக்க இடம் இல்ல. சனிக்கிழமை காலையில வண்டி வரும். பெரிய நூலகத்துக் கிடங்குக்குப் போயிடும்."

"கிடங்குக்குப் போனா திரும்பி வருமா?"

"இதுவரைக்கும் எதுவும் வந்ததில்ல."

டமாரம் பெட்டியிலிருந்து புத்தகத்தை எடுத்தாள். "யாரும் எடுக்கலையா? நான் ஒன்பது தடவை படிச்சிருக்கேனே!"

அக்கா புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். அங்கே ஒரு தேதிச் சீட்டு ஒட்டியிருந்தது. யாராவது புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துப் போனால் அதில் ஒரு முத்திரை குத்துவார்கள். இரண்டு வருடமாக அதில் ஒரு முத்திரைகூட இல்லை.

"நீ இங்கயே உக்காந்து படிச்சதை நான் பார்த்தேன். இந்தச் சீட்டு பார்க்கலையே. ஒரு தடவையாவது வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிருக்கலாம்ல?"

"நான் எடுத்துட்டுப் போயிட்டா, இதைத் தேடி வர்றவங்க ஏமாந்து போவாங்களே அக்கா! எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கேன் தெரியுமா?"

அக்கா பேனாவைக் கீழே வைத்தார். அவளைப் பார்க்க அவருக்குப் பாவமாக இருந்தது. "தேடி ஒருத்தரும் வரலையேம்மா" என்றார் மெதுவாக.

டமாரம் புத்தகத்தை வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். அவளுக்கு அந்தப் புத்தகம் என்றால் உயிர். அதைக் கிடங்கின் இருட்டில் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

"சரி, கேளு" என்றார் அக்கா. "வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஏழு மணிக்கு நான் நூலகத்தை மூடுவேன். அதுக்குள்ள நாலு பேர் இந்தப் புத்தகம் வேணும்னு சொல்லணும். ஒருத்தர் எடுத்துட்டுப் போகலாம். மத்தவங்க அடுத்து வேணும்னு காத்திருப்பு நோட்டுல பேர் எழுதலாம். நாலு பேர் இருந்தா இதைப் பட்டியல்லருந்து அடிச்சிடுறேன்."

"நான் ஒண்ணு. இன்னும் மூணு பேர்தானே? ஜுஜுபி!" என்று டமாரம் நோட்டில் தன் பெயரை எழுதிவிட்டுக் கீழே ஓடினாள்.

வியாழக்கிழமைதான் அது எவ்வளவு பெரிய வேலை என்று தெரிந்தது.

"அந்தக் கழுதைக் கதையா?" என்றாள் பக்கத்து பெஞ்சுத் தோழி. "அதைத்தான் நீயே ஆரம்பத்துலருந்து கடைசி வரைக்கும் சொல்லிட்டியே. இனிமே படிக்க என்ன இருக்கு?"

"எனக்கு ரெண்டு தடவை சொன்னா" என்றான் முன் பெஞ்சுப் பையன்.

"எனக்கு மூணு தடவை. கனவுலகூடக் கழுதை வருது" என்றது பின் பெஞ்சு.

வகுப்பே சிரித்தது. டமாரமும் சிரித்து வைத்தாள். ஆனால் வீட்டுக்கு நடக்கும்போது அவளுக்கு விஷயம் புரிந்தது. புத்தகத்தை யாரும் எடுக்காததற்குக் காரணம் வேறு யாரும் இல்லை. அவள்தான். ஆசை ஆசையாகச் சொல்லிச் சொல்லி, படிக்க வேண்டியவர்களுக்கு ஒன்றுமே மிச்சம் வைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை ஆறு மணி. நோட்டில் அவள் பெயர் மட்டும்தான் இருந்தது. அந்த நேரம் பார்த்து அம்மா, "தம்பிக்கு முடி கண்ணை மறைக்குது, சலூனுக்குக் கூட்டிட்டுப் போ" என்று அனுப்பினார்.

தம்பியை எல்லோரும் வாண்டு என்றுதான் கூப்பிடுவார்கள். சலூன் மாமா அவனை உயரமான நாற்காலியில் உட்கார வைத்து, கழுத்தைச் சுற்றி வெள்ளைத் துணியைக் கட்டினார். தலை மட்டும்தான் வெளியே தெரிந்தது.

அப்போது தையல் அத்தை, ஓரம் அடித்த புதுத் துண்டுகளைக் கொடுக்க வந்தார். டமாரத்துக்குத் திடீரென்று ஒரு நம்பிக்கை. தெருவில் நூலக அட்டை இல்லாதவர்களே கிடையாது. நூலகம் திறந்த அன்றே நூலக அக்கா வீடு வீடாக வந்து எல்லோரையும் சேர்த்துவிட்டார். இங்கேயே மூன்று அட்டைக்காரர்கள் இருக்கிறார்கள்!

"மாமா, அத்தை, 'கழுதை ஏறிய கப்பல்' புத்தகத்தை எடுத்துப் படிக்கிறீங்களா? இன்னைக்கே பேர் கொடுக்கணும். இல்லைன்னா நாளைக்கு அது கிடங்குக்குப் போயிடும்."

மாமா கத்தரிக்கோலை ஓட்டியபடியே சொன்னார். "அதான் முடிவு தெரியுமேம்மா. கேப்டன் கப்பலை விட்டுட்டு ஒரு சின்ன ஊர்ல சலூன் வெச்சிடுவார். அருமையான முடிவு!"

"சலூனா?" தையல் அத்தை துண்டுகளைக் கீழே வைத்தார். "யார் சொன்னது? கேப்டன் நேரா வீட்டுக்குப் போய் அம்மா முன்னாடி நிப்பார். இனிமே உன்னை விட்டுப் போக மாட்டேன்னு சொல்லுவார்."

வெள்ளைத் துணிக்குள்ளிருந்து ஒரு கை வெளியே வந்தது. "ரெண்டும் தப்பு! கேப்டனும் கழுதையும் ஒரு தீவுல இறங்கிடுவாங்க. அங்க புல்லு நிறைய இருக்கும். கழுதைக்கு ஒண்ணுமே ஆகாது!"

"எனக்கு நல்லாத் தெரியும், சலூன்தான்."

"நான் அதைக் கேட்டு அழுதே இருக்கேன், அம்மாதான்!"

"தீவு! தீவு! தீவு!"

டமாரம் சத்தமில்லாமல் வாசல் பக்கம் நகர ஆரம்பித்தாள்.

"இருங்க" என்றார் மாமா. "உங்களுக்கு யார் சொன்னா?"

"டமாரம்தான்."

"எனக்கும் அவதான்."

"எனக்கும் அக்காதான்."

மூன்று தலைகளும் ஒரே நேரத்தில் திரும்பின. எதிரே இருந்த கண்ணாடியிலும் அதே மூன்று தலைகள். டமாரம் திருதிருவென்று விழித்தாள். காதெல்லாம் சூடாகிவிட்டது.

"நான்தான் மாத்திட்டேன்" என்றாள். அவள் குரல் இவ்வளவு சின்னதாகி யாரும் கேட்டதில்லை.

"ஏன் மாத்தினே?" என்றார் அத்தை.

"கழுதை கடல்ல விழுந்த இடத்துல வாண்டு அழ ஆரம்பிச்சுட்டான். சாப்பிடவே மாட்டேன்னுட்டான். அதான் தீவு. உங்களுக்குச் சொன்ன அன்னைக்கு, வெளியூர்ல இருக்கிற உங்க பையன்கிட்டருந்து பதினோரு நாளா போன் வரலைன்னு சொன்னீங்க அத்தை. அதான் அம்மா."

அவள் மாமாவைப் பார்த்தாள். "பக்கத்துத் தெருவுல ஏசி போட்ட பெரிய சலூன் திறந்த அன்னைக்கு நான் இங்க வந்தேன். நாற்காலி எல்லாம் காலியா இருந்துச்சு. நீங்க கத்தரிக்கோலைத் துடைச்சுக்கிட்டே இருந்தீங்க. அதான் கேப்டனையே சலூன் வைக்கச் சொல்லிட்டேன்."

தையல் அத்தை அவளை இழுத்துத் தன் பக்கத்தில் நிறுத்திக்கொண்டார். மாமா கனைத்துக்கொண்டார்.

"கப்பல் ஓட்டுறவன் கத்தரிக்கோலைப் பிடிப்பானான்னு எனக்கும் அப்பவே ஒரு சந்தேகம்தான்" என்றார். அத்தைக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"சரி, அப்போ நிஜ முடிவு என்ன?" என்றான் வாண்டு.

"ஆமா, சொல்லு" என்றார்கள் பெரியவர்கள் இருவரும்.

டமாரம் வாயைத் திறந்தாள். நிஜ முடிவு நாக்கு நுனியில் வந்து நின்றது. இதைச் சொல்லும்போது அவர்கள் முகம் எப்படியெல்லாம் மாறும் என்று பார்க்க அவளுக்குக் கொள்ளை ஆசை. சுவர்க் கடிகாரத்தில் ஆறு நாற்பது. சொல்லிவிட்டால் அவ்வளவுதான், புத்தகம் பெட்டியிலேயே கிடக்கும்.

இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"சொல்ல மாட்டேன்!"

"யாரு, நீயா?" என்றார் மாமா. அவர் கையில் கத்தரிக்கோல் அந்தரத்தில் நின்றது.

"நான் சொன்ன மூணையும்விட அது நல்லா இருக்கும் மாமா. ஆனா என்னை நான் நம்ப மாட்டேன். உங்க முகத்தைப் பார்த்துட்டு மறுபடியும் மாத்திடுவேன். புத்தகம் யார் முகத்தையும் பார்க்காது. உள்ளதை உள்ளபடி சொல்லும்."

அத்தை செருப்பை மாட்டிக்கொண்டார். "கேப்டன் அம்மாகிட்ட போறாரா இல்லையான்னு தெரியாம எனக்கு இன்னைக்குத் தையல் மெஷின் ஓடாது. வாங்க போவோம்."

"நானும் வர்றேன்!" என்று வாண்டு நாற்காலியிலிருந்து குதித்தான். பாதித் தலை வெட்டியிருந்தது, பாதித் தலை காடாக இருந்தது. வெள்ளைத் துணி பின்னால் பறக்க அவன் முன்னே ஓட, மாமா கத்தரிக்கோலோடு துரத்த, தெருவே வேடிக்கை பார்த்தது.

அவர்கள் மாடி ஏறியபோது அக்கா அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்தார். நாலு பேரையும், வாண்டுவின் தலையையும் மாறி மாறிப் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் டேப்பைப் பிரித்தார்.

யார் முதலில் படிப்பது என்று அங்கேயும் ஒரு சண்டை. கடைசியில் தையல் அத்தை எடுத்துக்கொண்டார். அடுத்தது மாமா, அப்புறம் வாண்டு. நோட்டில் இருந்த தன் பெயரை அடித்துவிட்டு, டமாரம் அதைக் கடைசியில் எழுதிக்கொண்டாள். அக்கா தேதிச் சீட்டில் ஓங்கி ஒரு முத்திரை குத்தினார்.

ஐந்தாம் நாளே அத்தை டமாரத்தின் வீட்டுக் கதவைத் தட்டினார். கையில் புத்தகம்.

"நீ சொன்ன மாதிரி அவர் அம்மா முன்னாடி போய் நிக்கல" என்றார். "ஆனா புயலுக்கு முந்தின நாள் கேப்டன் ஒரு கடிதம் எழுதிச் சட்டைப் பையில வெச்சுக்கிறாரே, அது யாருக்குன்னு கவனிச்சியா?"

"கடிதமா? எந்தக் கடிதம்?" ஒன்பது முறை படித்தவள் அசந்துபோனாள்.

அத்தை சொல்ல வாயெடுத்தார். அப்புறம் சிரித்துக்கொண்டே தலையாட்டினார். "ம்ஹும். உன் முறை வரும்போது நீயே பார்த்துக்கோ."

மாமா இரண்டே வாரத்தில் முடித்தார். படித்ததோடு சும்மா இருக்கவில்லை. முடி வெட்ட வருகிறவர்களிடம் கதையைச் சொல்லி, புயல் ஆரம்பிக்கும் இடத்தில் நிறுத்தி, "மிச்சம் நூலகத்துல இருக்கு, தலையை ஆட்டாதீங்க" என்றார். காத்திருப்பு நோட்டில் டமாரத்தின் பெயருக்குக் கீழே எட்டுப் பேர் சேர்ந்துவிட்டார்கள். அவர்களில் பக்கத்து பெஞ்சுத் தோழியும் ஒருத்தி. "நீ எனக்குச் சொன்னது நிஜமா பொய்யான்னு பார்க்கணும்" என்றாள்.

அடுத்தது வாண்டு. ஏழு வயதுக்காரன், எழுத்துக் கூட்டித்தான் படிப்பான். ஒரு வரிக்கு ஒரு நிமிடம். டமாரம் தினமும் அவன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, உதட்டைக் கடித்தபடி கேட்டாள். இடையில் ஒரு வார்த்தை பேசவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த இடம் வந்தது. பெரிய அலை அடித்தது. கழுதை கடலில் விழுந்தது. பக்கம் அதோடு முடிந்தது. வாண்டுவின் விரல் கடைசிச் சொல்லின் மேல் அப்படியே நின்றது. கண் இரண்டும் குளமாகிவிட்டன.

"அக்கா, கழுதை பிழைச்சுக்குமா?"

டமாரத்துக்குச் சொல்லிவிட வேண்டும் என்று மனசு அடித்துக்கொண்டது. தம்பி அழுவதைப் பார்த்தால் அவளுக்கும் அழுகை வரும். இன்னும் நெருங்கி உட்கார்ந்து அவன் தோளில் கை போட்டுக்கொண்டாள்.

"அடுத்த பக்கத்தைத் திருப்புடா. நான் இங்கயேதான் இருக்கேன்."

அவன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு திருப்பினான். எழுத்துக் கூட்டினான். ஒரு வரி, இரண்டு வரி, மூன்று வரி. திடீரென்று அவன் முகம் முழுக்கச் சிரிப்பு பரவியது.

"அக்கா! நீ சொன்ன தீவைவிட இது நல்லா இருக்கு!"

தன் கதை தோற்றுப்போனதில் டமாரத்துக்கு அப்படி ஒரு சந்தோஷம்.