பனையாற்றங்கரை வீரமரணங்கள்

மேற்கு மலைகளுக்குப் பின்னால் கதிரவன் மறைய, கீழ்வானில் எழுந்த முழுமதி பனையாற்றின்மீது வெள்ளியை உருக்கி ஊற்றிக்கொண்டிருந்த அந்த அந்திப் பொழுதில், கொன்றைக்கோட்டையை முற்றுகையிட்டிருந்த பெரும்படையின் மாவீரர்கள் கையில் செம்புடன் புதர்களை நோக்கி ஓடிக்கொண்டிருந்தார்கள். அன்பு வாசகர்கள் முகம் சுளிக்க வேண்டாம். போர் என்பது பெரும்பாலும் இதுதான். கோட்டையிலிருந்து வந்த அம்புகளுக்குப் பலியானோர் சிலர். யானைகள் குளித்த துறையிலேயே நீர் மொண்டு குடித்துப் பலியானோர் பலர்.

நோயில் மடிந்தவனுக்கு வீரசுவர்க்கம் கிடையாது என்பதால், அத்தகையோரைத் தருப்பைப் புல்லில் கிடத்தி, மார்பில் வாளால் கீறி, விழுப்புண் உண்டாக்கி அடக்கம் செய்வது அந்நாட்டு மரபு. பிணங்களில் இருந்த வெட்டுக்களைக் கேள்விப்பட்ட மன்னர், தலைநகரில் அமர்ந்தபடி பகைவரின் வாள்வலிமையை வியந்துகொண்டிருந்தார்.

கீறும் பணி வில்லாளி விடங்கனுடையது. இன்று அவன் தம்பி காரியே கூடாரத்தில் கண் குழிந்து கிடந்தான். படைத்தலைவர் மழவரையர் முன்யோசனையுடன் ஒரு கட்டுத் தருப்பை அனுப்பியிருந்தார்.

"அதை வைத்து அடுப்பு மூட்டுங்கள்," என்றாள், முந்தைய நாள்தான் பாசறைக்கு வந்திருந்த மருத்துவப் பெண் நச்செள்ளை. உப்பிட்ட கஞ்சித் தண்ணீரைக் காரிக்கு மிடறு மிடறாகப் புகட்டினாள். அவன் கண் திறந்தான்.

"அம்மணிக்கு எந்த ஊர்?" என்றான் விடங்கன்.

"எதிர் ஊர். கொன்றைக்கோட்டைத் தலைவரின் மகள். உங்கள் படைபலத்தை ஒற்றறிய வந்தேன். பார்த்துவிட்டேன், எங்கள் வீரர்கள் நிம்மதியாகத் தூங்கலாம்."

"பிறகு ஏன் இங்கே தங்கினீர்கள்?"

"உங்கள் புதர்களைக் கழுவிக்கொண்டுதானே ஐயா ஆறு எங்களிடம் வருகிறது? அங்கும் இதே நோய்தான். பார்த்துக்கொண்டு சும்மா போக முடியவில்லை."

கூடார வாயிலில் யாரோ செருமினார். மழவரையர். நச்செள்ளை பின்புறத் துணியை விலக்கிப் பாய்ந்தாள்; மறுகணம் அவள் ஏறிய பரிசல் ஆற்றில் சுழன்றது.

"விடங்கா, எய்," என்றார் மழவரையர்.

விடங்கன் கரைக்கு ஓடி நாணை இழுத்தான். நிலவொளியில் அவள் முதுகு தெளிவாகத் தெரிந்தது. கூடாரத்துக்குள் காரி தண்ணீர் கேட்டு முனகினான். கஞ்சிக் கலயம் காலி.

"கஞ்சிக்கு உப்பு எவ்வளவு?" என்று ஆற்றை நோக்கிக் கூவினான் விடங்கன்.

துடுப்பு நின்றது.

"கண்ணீர் எவ்வளவு கரிக்குமோ, அவ்வளவு. அதற்கு மேல் போடாதீர்கள்."

அம்பு பறந்து, ஆற்றில் மிதந்த நிலவைத் தைத்தது.

"எங்கேயடா எய்தாய்?" என்றார் மழவரையர்.

விடங்கன் அதற்குள் அடுப்படிக்குப் போய்விட்டான். உப்பின் அளவைச் சரிபார்க்க அவன் வெகுதூரம் போக வேண்டியிருக்கவில்லை.