கிரகணம் விடும்வரை

கிரகணம் பிடிப்பதற்குள் நீலச்சோளக் கூழைக் கிண்டி இறக்கிவிட வேண்டுமென்று லூவெல்லா அடுப்படியில் பரபரத்துக்கொண்டிருந்தாள். தங்கை வெர்னா ஜன்னல்களில் கம்பளியைத் தொங்கவிட்டபடியே ஆரம்பித்தாள்.

"நாம இங்க கதவடைச்சு உக்காந்திருக்கணும்... உம் பொண்ணு பல்கலைக்கழகத்துல டெலஸ்கோப்பை வச்சு சூரியனை முறைச்சுப் பார்த்துட்டு இருப்பா! அவ செஞ்ச பாவந்தாங்கா உங் கண்ணுல படலமா வந்து நிக்குது."

"வாயக் கழுவுடி வெர்னா!"

"நானா சொல்றேன்? ஊரே சொல்லுது!"

ஊர் வாயை மூட உலைமூடி ஏது? அமெரிக்கப் பழங்குடிகளான நவாஹோக்காரர்கள் கிரகணத்தைப் பார்க்க மாட்டார்கள். அது விடும்வரை உண்ணவும் மாட்டார்கள், உறங்கவும் மாட்டார்கள். அப்படிப்பட்ட வீட்டுப் பெண் ஷாண்டீன் சூரியனைப் பற்றியே முனைவர் பட்டத்துக்குப் படிக்கப் போயிருந்தாள். இந்த ஏச்சு மகள் காதில் விழக் கூடாதென்று, "இப்போதைக்கு வராதே" என்று லூவெல்லாவே ஃபோனில் சொல்லிவிட்டாள். காரணம் சொல்லவில்லை. அதிலிருந்து மகளின் பேச்சும் நின்றுபோனது.

வாசலில் கார் வந்து நின்றது. ஷாண்டீன்!

"நீ வராதேன்னு சொன்னது தெரியும்மா... போக வேற இடமில்ல."

"வந்துட்டாளா! அம்மா கண்ணைக் கெடுத்தது போதாதா?" என்று சீறினாள் வெர்னா.

"சின்னம்மா... நான் இதுவரைக்கும் ஒரு கிரகணத்தையும் பார்த்ததில்ல. எல்லாரும் மொட்டைமாடியில கூத்தடிப்பாங்க. நான் மட்டும் ரூம்ல திரையை இழுத்து விட்டுட்டு, தண்ணிகூடக் குடிக்காம உக்காந்திருப்பேன். படமெல்லாம் கருவியே எடுத்துக்கும், கணக்கு நான் போடுவேன். இந்தத் தடவை பேராசிரியர், 'மூடநம்பிக்கையா விஞ்ஞானமா, ஒண்ணைச் சொல்லு'ன்னாரு. என்னை ஆராய்ச்சிக் குழுவுலேருந்தே எடுத்துட்டாரு. அங்க நம்ம மனுஷங்கன்னு ஒருத்தரும் இல்லம்மா... யார்கிட்ட சொல்லி அழுவேன்?"

லூவெல்லா கரண்டியைப் போட்டுவிட்டு ஓடினாள். அதற்குள் கம்பளியோரத்து வெளிச்சம் மங்கிவிட்டது. இனிப் பேசக் கூடாது, அசையக் கூடாது. மூவரும் அப்படியே உட்கார்ந்தார்கள். கைக்கெட்டும் தூரத்தில் மகள் குலுங்கிக்கொண்டிருந்தாள். தாயால் தொடக்கூட முடியவில்லை. இப்படித்தானே அங்கேயும் உட்கார்ந்திருப்பாள்... தன்னந்தனியாக!

வெளிச்சம் திரும்பியதும் முதலில் எழுந்தவள் வெர்னாதான். ஒரு குவளை தண்ணீர் மொண்டு ஷாண்டீனிடம் நீட்டினாள்.

"குடிடி... இந்தப் பாழாப்போன வாய மன்னிச்சுடு."

லூவெல்லா மகளைக் கட்டிக்கொண்டு கதறினாள். "கண்டவங்க பேச்சு உன்னைச் சுடக் கூடாதுன்னுதாண்டி வராதேன்னேன்!"

"நீயும் என்னை வேண்டாம்னுட்டேன்னு நெனச்சேம்மா..."

"படிப்பு?"

"வேற பேராசிரியரைத் தேடணும். கிடைப்பாங்களோ, மாட்டாங்களோ..."

"தேடு." லூவெல்லா மகளின் முகத்தைத் துடைத்தாள். "அடுத்த கிரகணத்துக்கு நான் அங்க வரேன். அந்த ரூம்ல எனக்கும் ஒரு நாற்காலி போட்டு வை."