நான்கு பெயர்க் கட்டங்கள்

"உம்மு சினான், கொஞ்சம் வழி காட்டுறீங்களா?" என்றது தொலைபேசியில் ஒரு முதியவரின் குரல். ரிஹாபுக்கு அது உறைக்க ஒரு நொடி ஆனது. மூத்த பிள்ளையின் பேரோடு ‘உம்மு’, அதாவது அம்மா, என்று சேர்த்துத் தாயை அழைப்பது அம்மான் நகரத்து வழக்கம்தான். ஆனால் பிறப்பு இறப்புப் பதிவுத்துறை இணையதளத்தின் உதவி மேசையில் அவளுக்குப் பதினேழு என்ற எண்ணைத் தவிர வேறு பேர் கிடையாது.

காலையிலிருந்து எந்தப் பக்கம், எந்த பட்டன் என்று நூறு பேருக்குச் சொல்லித் தொண்டை வறண்டிருந்தது. ஏசியின் முனகல், ஆறிப்போன ஏலக்காய்க் காபியின் வாசம், அவள் திரையிலும் தெரியும்படி ஊர்ந்துகொண்டிருந்த அந்தப் பெரியவரின் அம்புக்குறி, எல்லாமே அலுப்பூட்டின. யாரோ தெரிந்தவர் போலும் என்று விட்டுவிட்டாள்.

"என்ன பதியணும் ஹாஜி?"

"ஒரு மரணம்."

"அல்லாஹ் பொறுமையைத் தரட்டும். மேலே வலது ஓரத்துல அழுத்துங்க. நாலு கட்டம் வரும். முதல்ல அவரோட பேரு."

ஒவ்வொரு எழுத்தாக வந்தது. சினான்.

ஊரில் எத்தனையோ சினான்கள். "அடுத்து அப்பா பேரு."

ஃபவ்வாஸ். அவள் கணவன். வாய் பழக்கதோஷத்தில் "அடுத்து தாத்தா" என்று சொல்லிவிட்டது.

முத்லக். அவள் மாமனார்.

நான்காவது கட்டத்துக்கு அவள் எதுவும் சொல்லவில்லை. ஸைதான் என்ற அவர்கள் குடும்பப்பேர் தானாக வந்து உட்கார்ந்தது.

தேதி, இன்று. இறந்த நேரம், நாலு பத்து.

சுவரில் மணி நாலு ஏழு.

"யாரு நீங்க?"

"அடுத்து எங்க அழுத்தணும்மா? கண்ணு சரியாத் தெரியல." அவரும் களைத்துத்தான் இருந்தார்.

இணைப்பைத் துண்டித்தாள். மகன் சினானை அழைத்தாள். இர்பித் கல்லூரியிலிருந்து பேருந்தில் வந்துகொண்டிருந்தான்.

"என்னம்மா? ஜெரஷ் தாண்டிட்டோம்." எஞ்சின் இரைச்சல். பின்னால் யாரோ சிரித்தார்கள்.

"வண்டிய நிறுத்தச் சொல்லு. இறங்குடா."

"நடுரோட்டுலயா? வேலை ரொம்ப ஜாஸ்தியா உனக்கு?"

பக்கத்து மேசையில் மணி ஒலித்தது. ஹியாம் எடுத்தாள். யாரையும் பாதியில் விடாத நல்லவள்.

"கட் ஆயிடுச்சா ஹாஜி? நான் காட்டுறேன்."

வேண்டாம். ரிஹாப் எழுந்து கையை ஆட்டினாள்; ஹியாமின் கண் திரையில் இருந்தது.

"கீழே பச்சை பட்டன். ஆமா. அழுத்துங்க."

ரிஹாபின் காதில் இரைச்சல் நின்றது. சிரிப்பும் நின்றது.

"இன்னும் முப்பது பேரா?" ஹியாம் கனிவாகக் கேட்டாள். "அவசரமில்ல ஹாஜி. ஒவ்வொருத்தரா போடலாம்."