பிடிமண்ணின் புளிப்பு

செவ்வாய்க் கோளில் ஊரை மூடியிருந்த கவிமாடத்துக்குள் வெள்ளிக்கிழமைதோறும் மழையைத் திறந்துவிடுவார்கள். முதல் துளியைச் சுவைமானி நக்கிப் பார்க்கும். நான்கு காலும் நீள நாக்கும் உள்ள இயந்திரம் அது. 'சுத்தம்' என்று அது சொன்ன பிறகுதான் ஊர் தலையை நனைக்கும். இருளாண்டி மட்டும் நனைய மாட்டார். நாக்கு இருந்தும் ஊறுகாய் தின்னாத ஒன்றை எப்படி நம்புவது?

அன்றும் மழை சுத்தம்தான். ஆனால் கோயில் காட்டுக்குள் புகுந்து வெளியே வந்த ஓடை புளித்துக் கிடந்தது. கெண்டைக்குஞ்சுகள் செத்து மிதந்தன. இது கந்தகப் புளிப்பு, புகையிலிருந்து வருவது என்றது சுவைமானி. கவிமாடத்துக்குள் தீ மூட்டியவனை அடுத்த கப்பலில் பூமிக்கே திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஊரே இருளாண்டியைப் பார்த்தது. அவர் மடியில் ஒரு கட்டு பீடி உண்டு. வருடக்கணக்காக அதைப் பற்றவைக்காமல் முகர்ந்து மட்டும்தான் பார்க்கிறார். பூமியில் அவருக்குப் போய் இறங்க ஒரு வாசல் கிடையாது.

ஊர்த்தலைவி செண்பகவல்லி அவருக்கு அக்காள் மகள்.

"மாமா, உள்ளதைச் சொல்லிருங்க. எங்க வச்சு இழுக்கீங்க?"

"இழுத்தா ஏன் தாயி மோந்துக்கிட்டுத் திரியப்போறேன்? அந்தச் சனியன் மழைய நக்குனது போதும். மண்ண நக்கச் சொல்லு."

கூட்டம் பதறிப்போனது. பூமியிலிருந்து வந்த ஊசியைக்கூடச் சுவைமானி நக்கித்தான் உள்ளே விட்டது. கோயில் காட்டு மண்ணை மட்டும் நக்கவில்லை. அது பூர்வீகக் கோயிலிலிருந்து குலசாமிக்கென எடுத்துவந்த பிடிமண். பிடி என்பது பேருக்குத்தான், கப்பலில் பாதி அதுவாகவே இருந்தது. சாமி மண்ணில் இயந்திரம் எச்சில் வைப்பதா?

இருளாண்டி யாரையும் கேட்கவில்லை. சுவைமானியின் கழுத்தைப் பிடித்து மண்ணில் அழுத்தினார்.

அது நக்கிவிட்டுச் சொன்னது: நிலக்கரிப் புகை, மிகப் பழையது. பூமியில் மழையோடு இறங்கிய கந்தகத்தைக் காட்டு மண் விழுங்கி வைத்திருக்கிறது. இங்கே சுத்தமான மழை பெய்யப் பெய்ய அதைக் கக்குகிறது. இன்னும் பல வருடம் கக்கும்.

பூர்வீகக் கோயிலையொட்டி அனல்மின் நிலையம் வந்தபோது, 'புகைபோக்கியை உயரமாகக் கட்டிவிட்டோம், மேலே யாரும் இல்லை' என்றார்களாம். இருளாண்டியின் தாத்தா இதைச் சொல்லிச் சொல்லிக் காறித் துப்புவார்.

அவரைத் திருப்பி அனுப்பும் பேச்சு அதோடு நின்றது. மன்னிப்பு மட்டும் யாரும் கேட்கவில்லை. சாமி மண்ணை அள்ளி வெளியே கொட்டினால் தெய்வக் குற்றம் என்பதால், ஊர் வேறொரு முடிவு எடுத்தது. புளித்த நீரை நீளமான குழாய் வைத்துக் கவிமாடத்துக்கு வெளியே விட்டுவிடலாம். வெளியேதான் யாரும் இல்லையே.

இருளாண்டி வாயைத் திறந்தார். நல்ல காரியத்தில் குறுக்கே பேசவேண்டாம் என்று உட்காரவைத்துவிட்டார்கள்.

குழாய் திறப்புக்குப் பூசை போட்டார்கள். அன்று ஒருநாள் மட்டும் தீக்கு அனுமதி. சூடத்தட்டு இருளாண்டியிடம் வந்தது. அவர் கண்ணில் ஒற்றிக்கொள்ளவில்லை. குனிந்து பீடியைப் பற்றவைத்து, ஆழ இழுத்து, அண்ணாந்து புகையை விட்டார்.

செண்பகவல்லி முறைத்தாள்.

"மேல யாரும் இல்ல, தாயி."