குரல்வளைக்குக் கீழே

அந்தச் சிறிய மருத்துவமனையில் அவள் வேலைக்குச் சேர்ந்து ஐந்தாவது நாள். மத்தியானமே மழை பிடித்துக்கொண்டது. இருந்த ஒரே டாக்டர் அவள்தான். பேச்சுத்துணைக்கு வயதான நர்ஸ் ஒருத்தி. பூட்டிக் கிடந்த வார்டுகளிலிருந்து ஈரச்சுவரின் வாடை வந்துகொண்டே இருந்தது.

மூன்று மணிக்கு ஒரு லாரி டிரைவரைத் தூக்கி வந்தார்கள். குளவி கொட்டியிருந்தது. முகமும் கழுத்தும் ஒன்றாக வீங்கி, நாக்கு வாயை அடைத்திருந்தது. ஊசி போட்டாள், கேட்கவில்லை. தொண்டைக்குள் குழாய் விட இரண்டு முறை முயன்றாள், வழியே தெரியவில்லை. முகத்தில் மாஸ்க்கை வைத்துக் காற்றுப்பையை அமுக்கினாள். நெஞ்சு எழும்பவில்லை.

"நாடி விழுது, டாக்டர்."

"பிளேடு குடுங்க, அக்கா."

இனி ஒரே வழிதான். குரல்வளை மேட்டுக்குக் கீழே உள்ள சின்னப் பள்ளத்தைக் கீறி, அதில் குழாயைச் சொருக வேண்டும். படித்திருக்கிறாள், செய்ததில்லை. விரல் வைத்த இடமெல்லாம் மாவு போல அமுங்கியது. பள்ளம் தட்டுப்படவில்லை.

வெளியே அவன் மனைவி கதவைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

டாக்டரின் தோளுக்குப் பின்னாலிருந்து ஒரு கை நீண்டது.

சில்லென்ற விரல்கள் அவள் விரலைப் பிடித்து, சற்றே கீழே நகர்த்தி, அழுத்தின.

"இங்க."

அது வாயிலிருந்து வந்த குரல் இல்லை. ஓட்டை வழியே காற்று சீறியதுபோல் இருந்தது.

திரும்பிப் பார்க்க நேரமில்லை. கீறினாள். குழாயைச் சொருகினாள். பையை அமுக்கினாள்.

நெஞ்சு எழும்பியது.

டிரைவரைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு, கை கழுவும்போது சொன்னாள்: "நல்லவேளை, இடத்தக் காட்டினீங்க அக்கா."

கட்டிலைத் துடைத்துக்கொண்டிருந்த நர்ஸின் கை நின்றது. "நான் கால்மாட்டுலதானே நின்னேன்? உங்க பின்னாடி வெறும் சுவருதான்."

குழாய்த் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

"முன்னாடி இருந்த டாக்டர், ஒரு பொண்ணுக்கு இடம் தப்பிக் கீறிட்டார்," என்றாள் நர்ஸ், மெதுவாக. "இதே கட்டில்லதான் அவ உயிர் போச்சு."

குவார்ட்டர்ஸில் டாக்டருக்காகக் காத்திருக்க யாருமில்லை. சாயங்காலம் கதவைத் தாழிட்டுக் கட்டிலில் உட்கார்ந்து, அந்த விரலை மறுகையால் பொத்திக்கொண்டாள். எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு அவளைத் தொட்ட கை அது. பயத்தைவிட அந்த நினைப்புதான் அவளை அழவைத்தது.

அழுகை ஓய்ந்தபோது, அருகில் மூச்சுச் சத்தம் கேட்டது.

தன்னுடையதாகத்தான் இருக்கும் என்று மூச்சை அடக்கினாள்.

சத்தம் நிற்கவில்லை.