அறுபத்தொன்பதில் நின்ற பாதரசம்

"தெர்மாமீட்டரை உடைச்சிட்டீங்களா?"

அவள் முதன்முதலாக அவனிடம் பேசியது இதுதான்.

மாலை வகுப்பின் வேதியியல் கூடத்தில் அன்று அவள் பக்கத்தில் மட்டும்தான் ஸ்டூல் காலியாக இருந்தது. மழையில் பாதி நனைந்து, தாமதமாக வந்தவன் அதில் உட்கார்ந்தான். பகலில் ஃப்ரிட்ஜ் ரிப்பேர் செய்கிறவன். தோளில் கருவிப் பை. இமையில் இன்னும் விழாமல் ஒரு மழைத்துளி... ச்சீ, அதையெல்லாம் ஏன் பார்க்கிறோம் என்று அவள் சோதனைக் குழாய் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

குழாய்க்குள் மெழுகு போல வெள்ளையாக ஸ்டியரிக் அமிலம். அதைச் சுடுநீரில் வைத்து உருக்கி, வெப்பநிலையைக் குறித்துக்கொண்டே வர வேண்டும். விறுவிறுவென்று ஏறிய பாதரசம் அறுபத்தொன்பதில் நின்றுவிட்டது.

"நான் தொடவே இல்லைங்க. உங்க பர்னர்தான் தூங்குது."

"பர்னர் நல்லாத்தான் எரியுது!"

அவள் வெப்பமானியை மாற்றினாள். அவன் பர்னரை மாற்றினான். அறுபத்தொன்பது... அதே அறுபத்தொன்பது. ஒருவரையொருவர் முறைத்தார்கள். அப்புறம் எப்படியோ இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"ஃப்ரிட்ஜா இருந்தா ரெண்டு தட்டு தட்டுவேன். இதைத் தட்டலாமா?"

"தட்டுங்க. உடைஞ்சா உங்களை யாருன்னே தெரியாதுன்னு சொல்லிடுவேன்."

அவளுக்குப் பகலில் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. வருகிறவர்களிடமெல்லாம் 'இது தெளிவா, அது தெளிவா' என்று கேட்பாள். தன் கண்ணை மட்டும் நம்பமாட்டாள். எழுதி எழுதி அழிப்பதால் வகுப்பில் அவளுக்கு 'ரப்பர்' என்றே பெயர். அன்றும் தான்தான் தப்பாகப் பார்த்துவிட்டோம் என்று பயந்தாள். அவன் கைகழுவப் போன நேரத்தில் எல்லா அறுபத்தொன்பதையும் அழித்துவிட்டு எழுபது, எழுபத்திரண்டு, எழுபத்தைந்து என்று அழகாக ஏற்றி எழுதினாள். திரும்பி வந்தவன் அதை அப்படியே நம்பித் தன் தாளில் எழுதிக்கொண்டான்.

மறுவாரம் டீச்சர் இரண்டு தாள்களையும் மேசையில் போட்டார்.

"உருகிட்டு இருக்கிறப்போ வெப்பநிலை ஏறுமா? கொடுக்கிற சூடெல்லாம் மூலக்கூறுகள் ஒண்ணையொண்ணு பிடிச்சிருக்கிற பிடியைத் தளர்த்தவே செலவாயிடும். முழுசா உருகி முடிச்சாதான் பாதரசம் நகரும். ரெண்டு பேருக்கும் பூஜ்யம்! வெள்ளிக்கிழமை சேர்ந்து திரும்பச் செய்யுங்க. இல்லைன்னா பரீட்சை எழுத முடியாது."

அவன் முகம் சுருங்கியது. "கண்ணால பார்த்ததை ஏங்க மாத்துனீங்க? என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல?"

மன்னிப்பு தொண்டை வரை வந்தது... வீம்பு அதை விழுங்கிவிட்டது.

"நீங்க ஏன் என்னைப் பார்த்து எழுதினீங்க?"

அவன் நேராக டீச்சரிடம் போய் வேறு மேசை கேட்டான். வெள்ளிக்கிழமை முடிந்ததும் ஜன்னலோர மேசைக்கு மாறிக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டார் டீச்சர்.

அவளுக்கு வேலையே ஓடவில்லை. அன்று சிரித்தபோது அவன் பார்த்த பார்வை... அதில் ஏதோ இருந்ததே? இல்லை, அதையும் தப்பாகப் பார்த்துவிட்டோமோ?

"தப்பு உன் மேலன்னா போய்ச் சொல்லேன்டி," என்றாள் அக்கா. "வாய் தேய்ஞ்சா போயிடும்?"

வெள்ளிக்கிழமையும் மழை. இருவரும் பேசாமலே உருக்கினார்கள். அறுபத்தொன்பது, அறுபத்தொன்பது, அறுபத்தொன்பது. இனி ஆறவிட்டு அளக்க வேண்டும். அவன் பர்னரை அணைத்தான். இன்னும் கொஞ்ச நேரம்தான்... அப்புறம் போய்விடுவான்.

"தப்பு என்னோடது," என்றாள் படபடவென்று. "கேக்காம மாத்திட்டு உங்க மேலயே பழியைப் போட்டேன். மன்னிச்சிடுங்க."

"ம்..."

"இன்னொண்ணு. அன்னிக்குச் சிரிச்சப்போ நீங்க என்னைப் பார்த்தீங்க. ஒருவேளை நான்தான் தப்பா..." நிறுத்தினாள். மூச்சை இழுத்துக்கொண்டாள். "இல்லை. சரியாத்தான் பார்த்தேன். எனக்கும் உங்களைப் பிடிச்சிருக்கு."

அவன் காது மடல் சிவந்துபோயிற்று.

"நான் எதுக்கு வேற மேசை கேட்டேன்னு தெரியுமா? உங்க பக்கத்துல உக்காந்தா கோபமே நிக்க மாட்டேங்குது..."

"அங்க என்ன பேச்சு? ரீடிங் எங்க?" டீச்சரின் குரல்.

திடுக்கிட்டுத் திரும்பினார்கள். குழாய்க்குள் எல்லாம் வெள்ளையாக இறுகி, வெப்பமானி நடுவில் அசையாமல் நின்றது. அவன் இழுத்தான். குழாயும் சேர்ந்து வந்தது.

"நல்லாயிருக்கு! மறுபடி உருக்கி எடுங்க. எடுக்காம ரெண்டு பேரும் வீட்டுக்குப் போகக் கூடாது!"

"சரிங்க டீச்சர்," என்றார்கள் ஒரே குரலில்.

அவன் பர்னரைப் பற்றவைத்து, தீயைச் சிறியதாக வைத்தான்.

அவள் கை நீட்டி, அதை இன்னும் கொஞ்சம் குறைத்தாள்.