ஆறாத மூடாக்கு

"ஏதாவது சொல்லணுமா?" என்று கேட்டார் அவர், ஒரு கையில் பெட்டியும் மறு கையில் கேட்டின் தாழ்ப்பாளுமாக.

"என்ன சொல்லணும்? குடை எடுத்தாச்சா?"

"எடுத்தாச்சு. வேற?"

"வேற ஒண்ணும் இல்ல. பாத்துப் போங்க."

"ஒவ்வொரு தடவையும் வாய் வரைக்கும் வருது, அப்புறம் முழுங்கிடற" என்று சிரித்தார். "சரி, திரும்பி வந்ததும் சொல்லு."

அந்த முறை அவர் திரும்பி வரவில்லை. ஆலை ஆலையாகப் போய்க் கொதிகலன்களைப் பழுதுபார்க்கிறவர். எங்கோ ஒரு விடுதி அறையில் தூக்கத்திலேயே போய்விட்டார். குளிர்காலத்தில்கூடச் சூடாக இருக்கிற உடம்பு அவருக்கு. "கொதிகலனை வீட்டுக்கே தூக்கிட்டு வந்துட்டீங்களா?" என்று கேலி செய்தபடியே அவள் ஒட்டிக்கொண்டு தூங்குவாள். அந்த உடம்பை வீட்டில் கொண்டுவந்து கிடத்தியபோது தொட்ட கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டாள். அவ்வளவு குளிர்ச்சி.

அது நடந்து ஒரு வருடம். இப்போது படுக்கையறையில், அவர் படுக்கும் பக்கத்துச் சுவர் சூடாக இருந்தது.

முதலில் அதில் அதிசயம் எதுவும் இல்லை. சூட்டை அங்கே கொண்டுவந்தவளே அவள்தான். "வீட்டை வாடகைக்கு விட்டுட்டு எங்ககூட வந்து இரும்மா. அடுத்த வாரம் சனிக்கிழமை நான் கார்ல வந்து கூட்டிட்டுப் போறேன். அதுக்குள்ள வாசலைக் கொஞ்சம் சரிபண்ணு, பொட்டலாக் கிடக்கு. பாக்க வர்றவங்க பயந்து ஓடிடுவாங்க" என்று மகள் போனில் சொன்னாள். மேல்மண் ஒரு லோடும் மூடாக்கு ஒரு லோடும் கொஞ்சம் செடிகளும் மகளே ஒரு நர்சரியில் சொல்லி அனுப்பினாள். நர்சரிக்காரர் மேல்மண்ணில் ஒரு பிடி அள்ளி, அமுக்கி உருண்டையாக்கி, விரலால் தட்டி உதிர்த்துக் காட்டினார்.

"பாத்தீங்களா? பிடிச்சாப் பிடிக்கணும், தட்டினா உதிரணும். பொண்ணுங்களுக்கு மாப்பிள்ளை பாக்கிற மாதிரிதான் மண்ணும்."

மூடாக்கு என்று அவர் கொண்டுவந்தது புதிதாக அரைத்த மரச்சீவல். மண் காயாமல் இருக்க மேலே போர்த்துவது. "தண்டைச் சுத்தி ஒரு சாண் இடம் விடுங்கம்மா. கழுத்து வரைக்கும் போர்த்தினா செடி மூச்சு முட்டிச் செத்துடும். வீட்டுச் சுவரையும் தொடக் கூடாது. புதுச் சீவல்னால உள்ள சூடா இருக்கும், பயந்துடாதீங்க. நாலு நாள்ல ஆறிடும்."

நர்சரிக்காரர் போன பிறகு, வாசலில் பரப்பியது போக மிச்சமிருந்த குவியலுக்குள் அவள் கையை விட்டுப் பார்த்தாள். முழங்கை வரை இதமான சூடு. வெட்டிய மரத்தின் இனிப்பான புளித்த வாசனை. ஒரு வருடமாக எந்தச் சூட்டையும் தொடாத கை அது. வெளியே எடுக்க மனம் வரவில்லை. அன்று மாலைக்குள் மிச்சக் குவியல் முழுவதையும் கூடை கூடையாக அள்ளி வந்து, படுக்கையறையின் வெளிச் சுவரோரமாக, ஜன்னல் விளிம்பு வரை கொட்டி அணைத்தாள். இரவு சுவரில் முதுகைச் சாய்த்தபோது அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு நன்றாகத் தூங்கினாள்.

நாலு நாள் போயிற்று. வாசலில் பரப்பிய சீவல் ஆறிக் குளிர்ந்து கிடந்தது. சுவரோரக் குவியல் ஆறவில்லை.

மழை பிடித்துக்கொண்டது. சுவரின் அடியில் சுண்ணாம்பு கொப்புளித்து, ஈரம் ஆளுயரத்துக்குக் கறுப்பாக ஏறியது. அவள் வீட்டிலேயே துணி தைப்பவள்; தையல் மெஷினை நிறுத்தினால் சுவருக்கு அப்பால் ஒரு சத்தம் கேட்டது: காய்ந்த சீவலும் ஈரச் சீவலும் ஒன்றோடொன்று உரசி மெல்லச் சரிவது போல, தூக்கத்தில் யாரோ கனமாகப் புரண்டு படுப்பது போல. மெஷினை ஓட்டினால் நின்றுவிடும். நிறுத்தினால் மறுபடியும்.

காலையில் போய்ப் பார்த்தாள். குவியலில் நீளமாக ஒரு பள்ளம், ஆள் படுத்து எழுந்த மெத்தையைப் போல. மழை கொட்டியும் பள்ளத்துக்குள் சீவல் உலர்ந்திருந்தது. அதிலிருந்து ஆவி எழுந்துகொண்டிருந்தது.

நர்சரிக்காரருக்குப் போன் செய்தாள்.

"சுவரை ஒட்டியா போட்டீங்க? படிச்சுப் படிச்சு சொன்னேனேம்மா! இன்னுமா சூடா இருக்கு?" அவர் குரல் தாழ்ந்தது. "தனியாத்தான் இருக்கீங்களா? இழுத்துத் தள்ளிடுங்க. இன்னிக்கே."

மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போனாள். முதுகு விட்டுப்போகிற வரை இழுத்துத் தள்ளினாள். சுவருக்கும் குவியலுக்கும் நடுவே ஒரு முழம் இடைவெளி தெரிந்ததும் நிம்மதி வர வேண்டும். வரவில்லை. உள்ளே போய்ச் சுவரைத் தொட்டாள். குளிர்ந்திருந்தது. அன்று கையை இழுத்துக்கொண்ட அதே குளிர்ச்சி. அவள் வெகுநேரம் அங்கேயே நின்றாள்.

பிறகு வெளியே வந்தாள். எல்லாவற்றையும் திரும்ப அள்ளிக் கொட்டினாள்.

வெள்ளிக்கிழமை. துணிகளை மடித்துப் பெட்டியில் வைத்தாயிற்று. அவருடைய சட்டைகளை மட்டும் என்ன செய்வதென்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். எல்லாம் அவள் தைத்தவை. சின்ன வயதில் மரத்திலிருந்து விழுந்து அவருக்கு இடது கை இரண்டு விரற்கடை குட்டை. சட்டையின் இடது கையை அந்த அளவுக்குக் குறைத்தே தைப்பாள். யாருக்கும் தெரியாது; அவருக்கும் அவளுக்கும் மட்டும். தோள் அவளுடைய சாணுக்கு இரண்டு சாண், துளி கூடாது, குறையாது.

விளக்கை அணைத்துப் படுத்தாள். மழை. ஈர மண் வாசனை இப்போது வெளியிலிருந்து வரவில்லை, அறைக்குள்ளேயே இருந்தது. மூச்சு இழுக்கும்போதெல்லாம் தொண்டையில் மரத்தூள் கரகரத்தது. சுவரில் பூச்சு ஒரு துண்டு உதிர்ந்தது. இன்னொன்று. பிறகு நிறைய, மெத்தென்று, தலையணைமேல்.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

கட்டிலின் அந்தப் பக்கம் அழுந்தியது.

சூடு. முதுகு முழுவதும் சூடு. ஒரு கை அவள் இடுப்பின் மேல் வந்து விழுந்தது. சீவல் சீவலாக. கனமாக.

"நீங்களா?"

மூச்சுச் சத்தம்கூட இல்லை.

இருட்டில் கையைப் பின்னால் நீட்டினாள். தையல்காரியின் கை. அது பாட்டுக்கு அளந்தது. தோள். ஒரு சாண். இரண்டு. இன்னும் முடியவில்லை. மூன்று. கீழே இறங்கி வலது கை. இடது கை.

இரண்டும் ஒரே நீளம்.

கத்த வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. அவள் எழவும் இல்லை. சூடாக இருந்தது. சீவல் மார்பு வரை ஏறியது. தோள் வரை. கழுத்து வரை. நடுவே ஒரு சாண்கூட இடமில்லாமல். ஒரு வருடத்துக்குப் பிறகு யாரோ அவளைப் போர்த்திவிட்டிருந்தார்கள்.

அப்படியே விடிந்தது.

ஜன்னலில் சாம்பல் வெளிச்சம். வாசலில் கார் நிற்கும் சத்தம். கேட்டின் தாழ்ப்பாள்.

"அம்மா! எழுந்துட்டியா? நான்தான்!"

அவள் இடுப்பின் மேலிருந்த கை அசைந்தது. மெல்ல விலகியது. முதுகுச் சூடு துளித்துளியாகக் குறைந்தது. இரவில் பூச்சு உதிர்ந்து சுவரில் திறந்திருந்த ஆளுயரக் கறுப்பு ஓட்டையை நோக்கி அந்தக் கனம் கட்டிலில் நகர்ந்தது. போகிறது. போனால் அவள் எழலாம். கதவைத் திறக்கலாம். மகளின் கையைப் பிடித்துக்கொண்டு காரில் ஏறலாம்.

"அம்மா? கதவைத் திறம்மா! என்ன வாடை இது?"

கதவு தடதடத்தது. கட்டிலின் அந்தப் பக்கம் குளிர ஆரம்பித்தது.

அவள் திரும்பினாள். வெளிச்சத்தில் அதைப் பார்த்தாள். முகம் இருக்க வேண்டிய இடத்தில் இருந்ததைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, கை நீட்டி, அதன் மணிக்கட்டைப் பிடித்தாள்.

முப்பது வருடமாக வாய் வரைக்கும் வந்து திரும்பிப்போனது, இந்தத் தடவை வெளியே வந்தது.

"போகாதீங்க."